பட்டிக்குள் நாய்க் கூட்டம்: ஆடு வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

கொறங்காட்டுக்காரன் (காங்கயம் பக்கம்)

ஆடு வைத்திருக்கும் எல்லோரிடமும் கேட்கிறேன், நாய்க் கூட்டத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் ஊர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், இங்கே கொறங்காடு என்று ஒன்று உண்டு. மானாவாரி மேய்ச்சல் நிலம், சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். செம்மறியையோ மாட்டையோ உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு வந்தால் போதும், பின்னால் நடக்க ஆள் வேண்டாம், இராத்திரியும் அங்கேயே கிடக்கும். எங்கள் அப்பாரு காலத்திலிருந்து இப்படித்தான் பண்ணையம் நடக்கிறது. மழை குறைந்த இந்த மண்ணில் கிணறு வற்றினாலும் குடும்பம் தலைநிமிர்ந்து நிற்பது ஆட்டுக் காசில்தான், பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ் முதல் வீட்டுக் கல்யாணம் வரை.

அந்த நம்பிக்கையை இப்போது நாய்கள் உடைத்துவிட்டன. போன வாரம் விடிவதற்கு முன் வேலிச் சந்தில் நுழைந்து 11 ஆடுகளைக் கடித்திருக்கின்றன. 7 அங்கேயே செத்துவிட்டன, அதில் மூன்று சினை ஆடு. மீதி நான்கும் தொடைச்சதை கிழிந்து நிற்கின்றன. தின்றது ஒன்றைக்கூட முழுதாக இல்லை, கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததைத் துரத்தியிருக்கின்றன. பத்தாயிரத்துக்குக் குறைந்து இன்று ஒரு வளர்ந்த ஆடு வாங்க முடியுமா? கணக்கைக்கூட விடுங்கள், என் அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, ஒவ்வொன்றையும் பேர் வைத்துக் கூப்பிடுகிறவர்.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். கடிபட்டதைக் காப்பாற்ற என்ன செய்யலாம்? திரும்ப வராமல் இருக்க என்ன செய்யலாம்?

மூலனூர் மச்சான்

எங்கள் பக்கமும் இதேதான். 2024-லும் 2025-லும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு மறியல் செய்ததைப் பேப்பரில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிறுத்தை அடித்தால் வனத்துறை வந்து பார்க்கும், இழப்பீட்டுக்கு ஒரு வழி இருக்கும். ஊர் நாய் அடித்தால் அது யாருடைய பொறுப்பு என்று கேட்டுக்கேட்டே பல வருசம் ஓடிவிட்டது. போராடிய பிறகுதான் அரசு நாய்க்கடிக்கும் இழப்பீடு உண்டு என்று இறங்கி வந்தது. அண்ணா, நீங்கள் ஆட்டைப் புதைத்துவிட்டீர்களா? புதைக்கும் முன் டாக்டர் பார்த்தாரா?

கொறங்காட்டுக்காரன்

பார்த்தார் தம்பி. பிரேதப் பரிசோதனை செய்து எழுதிக் கொடுத்தார், வி.ஏ.ஓ.வும் வந்து பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன்

ஐயா, சரியாகச் செய்தீர்கள். இதைப் படிக்கும் மற்றவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். டாக்டரும் வி.ஏ.ஓ.வும் பார்க்காமல் புதைத்தால் பிறகு யாராலும் சான்று தர முடியாது. இன்சூரன்ஸ் இருந்தால் ஆட்டின் காதில் மாட்டிய அடையாள வில்லை தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள், வில்லையை வெட்டித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இனி கடிபட்ட நான்குக்கு வருகிறேன். முதலில் உங்கள் கை. நாயின் எச்சில் பட்ட புண்ணை வெறுங்கையால் தொடவே தொடாதீர்கள், உறை போடுங்கள், உறை இல்லையென்றால் முழங்கை வரை பாலித்தீன் பையாவது மாட்டிக்கொள்ளுங்கள். புண்ணைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்பது நின்று பார்த்தால் நீண்ட நேரம், பெரும்பாலோர் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுகிறார்கள். பிறகு அயோடின் மருந்து. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பக் கூடாது. இரண்டாம் நாளே ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும், அதனால் ஈ அண்டாத ஸ்பிரே வாங்கி அடியுங்கள், இல்லாவிட்டால் புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவலாம்.

கடித்த நாய்க்கு வெறி இருந்ததா இல்லையா என்று நமக்குத் தெரியாது. ஆகவே கடிபட்ட ஆடு, மாடு எல்லாவற்றுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். கடித்த அன்று, பிறகு 3, 7, 14, 28-ஆம் நாள். புண் ஆறிவிட்டது என்று மூன்றாவது ஊசியோடு நிறுத்துகிறவர்கள் நிறைய பேர், தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நோய் வெளியே தெரிய வாரக்கணக்கிலும் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகும். தெரிந்துவிட்டால் மனிதனானாலும் மாடானாலும் பிழைப்பது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, என் வேலைக்காலம் முழுக்க நான் பயந்தது இதற்குத்தான். மாடு எச்சில் ஒழுக்கிக்கொண்டு, தீனி எடுக்காமல், தொண்டை அடைத்த மாதிரி கத்தும். வீட்டுக்காரர் ஏதோ பனங்கொட்டையோ மாங்கொட்டையோ தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று வாய்க்குள் கையை விட்டுத் துழாவுவார். அது வெறிநோயாக இருந்தால் அவருடைய உயிருக்கே ஆபத்து. எச்சில் ஒழுக்கும் மாட்டின் வாயில் கை விடாதீர்கள். 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும், இல்லையென்றால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். ஏற்கெனவே கை விட்டவர்கள், புண்ணில் எச்சில் பட்டவர்கள், அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அன்றைக்கே போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அங்கே இலவசம்தான்.

மலையடிவாரத்துக்காரி (கோவை மேற்கு)

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அண்ணா. ஒரு சந்தேகம், அது நாய்தான் என்று உறுதியாகத் தெரியுமா? எங்கள் பக்கம் ஆடு செத்தால் முதலில் சிறுத்தை என்றுதான் நினைப்போம். 2022 ஜனவரியில் அவிநாசி பக்கம் பாப்பாங்குளத்தில் சிறுத்தை வரவில்லையா, காடே இல்லாத இடம் அது.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன்

நல்ல கேள்வி அம்மா. செத்த ஆட்டைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். சிறுத்தை தொண்டையைக் கவ்வும். கழுத்தில் கோரைப்பல் இறங்கிய ஓட்டை ஆழமாக, சுத்தமாக இருக்கும், உடம்பின் மற்ற இடத்தில் அவ்வளவு காயம் இருக்காது. பெரும்பாலும் ஒன்றை அடித்து, இழுத்துக்கொண்டு மறைவான இடத்துக்குப் போய்விடும், இழுத்த தடம் மண்ணில் இருக்கும். அடைத்த கொட்டகைக்குள் மாட்டிக்கொண்டால் மட்டும் அதுவும் பலவற்றை அடிப்பது உண்டு. நாய்க் கூட்டம் ஓடும் ஆட்டைப் பின்னாலிருந்து பிடிக்கும். தொடை, மடி, வயிறு, வால்பக்கம், காது என்று கண்ட இடமெல்லாம் கிழிந்திருக்கும். பல ஆடு கடிபடும், தின்றது கொஞ்சமாக இருக்கும். கடியே படாமல் மூலையில் நெருக்கி ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மூச்சுமுட்டிச் செத்ததையும் பார்த்திருக்கிறேன். தப்பித்த சினை ஆடுகளுக்கும் இரண்டு மூன்று நாளில் குட்டி வீசிவிடும், அதாவது கரு கலைந்துவிடும்.

காலடித் தடத்தில் நகக்குறி இருந்தால் நாய். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈர மண்ணில் இது தெளிவாகத் தெரியும், அதனால் ஊர்க்கூட்டம் வந்து மிதிக்கும் முன் தடத்தின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வையுங்கள்.

மலையடிவாரத்துக்காரி

நன்றி ஐயா. கூடை கவிழ்க்கும் யோசனையை எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். எங்கள் ஊரில் சிறுத்தை வருவதற்கே நாய்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். குப்பை கொட்டுகிற இடத்தில் நாய் சேருகிறது, நாயைத் தேடிச் சிறுத்தை வருகிறது, வந்தது கொட்டகையில் ஆட்டையும் பார்த்துவிட்டுப் போகிறது.

கரிசல் வீரா

இவ்வளவு பேசுவானேன். செத்த ஆட்டின் கறியிலேயே மருந்தை வைத்துப் போட்டால் ஒரே ராத்திரியில் தீர்ந்தது. நஷ்டப்பட்டவனுக்குத்தான் வலி தெரியும்.

மூலனூர் மச்சான்

வீரா அண்ணே, வலி இங்கே எல்லோருக்கும் இருக்கிறது, ஆனால் இதை மட்டும் செய்யாதீர்கள். எங்கள் ஊரில் ஒருவர் செய்தார். தின்றது கூட்டத்து நாய் ஒன்றோ இரண்டோதான். பக்கத்துத் தோட்டத்தில் சங்கிலி அவிழ்த்துவிட்ட வீட்டு நாய், செத்ததைக் கொத்த வந்த காக்காய்க் கூட்டம், ஒரு கீரி, எல்லாம் போயிற்று. மிச்சக் கறியை நாய் எங்கே இழுத்துப் போட்டது என்று தெரியாமல் ஒரு மாதம் பிள்ளைகளை வெளியே விடாமல் இருந்தார்கள். மயில் செத்திருந்தால் ஜெயிலுக்கே போயிருப்பார், 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை. நாயைக் கொல்வதும் சட்டப்படி குற்றம்தான். அதோடு கூட்டம் குறையவும் இல்லை, கோழிக்கழிவு கிடக்கும் வரை வேறு நாய்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன.

தெருவோர நேசன் (திருப்பூர்)

நான் நாய்கள் பக்கம் நிற்கிறவன், அதனால் திட்டு விழும் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஆட்டுக்காரர்களின் இழப்பை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் நாய்களைக் குறை சொல்லும் முன் இந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பல்லடம் சுற்றிலும் கறிக்கோழிப் பண்ணைகள். செத்த கோழியை முறையாகக் குழியில் போடுகிற பண்ணையும் இருக்கிறது, சாக்கில் கட்டி ராத்திரி ஓடைக்கரையில் வீசிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஊருக்கு ஊர் கறிக்கடைக் கழிவு மேம்பாலத்துக்கடியில். அதைத் தின்று வளர்ந்த நாய்க்குப் பச்சைக்கறி ருசி தெரிந்துவிடுகிறது, கூட்டமாகச் சேர்ந்து அலையவும் பழகிவிடுகிறது. கழிவு ஒருநாள் வரவில்லை என்றால் அது வேலிக்குள் பார்க்கத்தானே செய்யும்? அதோடு பெட்டைக்குட்டி பிறந்தால் சாக்கில் போட்டுப் பக்கத்து ஊர் எல்லையில் விட்டுவிடுகிற வழக்கம், இதை நம் வீடுகளில் யாரும் செய்யவில்லை என்று சொல்ல முடியுமா?

2023-இன் நாய் கருத்தடை விதிகள்படி இது உள்ளாட்சியின் வேலை. பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய் ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்காவது ஊசி போட்டால்தான் வெறிநோய்ச் சங்கிலி அறும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாநகராட்சிகளில் இதற்கு மையம் இருக்கிறது. கிராம ஊராட்சியில்?

கொறங்காட்டுக்காரன்

நேசன், நீங்கள் கழிவைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை, எங்கள் ஊர் ஓடையிலும் சாக்கு கிடக்கிறது. ஆனால் ‘பிடித்த இடத்திலேயே விட வேண்டும்’ என்பதை மட்டும் ஒரு ஆட்டுக்காரனின் இடத்தில் நின்று யோசியுங்கள். குட்டி போடாது, சரி. வெறி பிடிக்காது, சரி. ஆடு கடிக்கப் பழகிய நாய் அறுவை முடிந்து திரும்பி வந்தால் ஆடு கடிப்பதை மறந்துவிடுமா? 2025 ஆகஸ்டில் டெல்லி நாய் வழக்கில் உச்ச நீதிமன்றமே வெறிநாயையும் மூர்க்கமான நாயையும் திரும்ப விட வேண்டாம் என்றுதானே சொன்னது. ஆட்டுக் கூட்டத்தில் இரத்தம் பார்த்த நாய் மூர்க்கத்தில் சேராதா? அதை அடைத்து வைக்க ஒன்றியத்துக்கு ஒரு காப்பகமாவது வேண்டும். நான் நாயைக் கொல்லச் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் நாய் இருக்கிறது.

தெருவோர நேசன்

அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆடு கடித்த நாயைத் தனியாக அடையாளம் கண்டு காப்பகத்தில் வைப்பதை நானும் ஏற்கிறேன். மனு கொடுப்பதாக இருந்தால் என் கையெழுத்தும் இருக்கும்.

கிடைக்காரன் (சிவகங்கை)

நாங்கள் கிடை ஆடு. கொறங்காடு மாதிரி வேலி எல்லாம் எங்களுக்கு இல்லை, அறுப்பு முடிந்த வயலில் இன்றைக்கு ஒரு ஊர், பத்து நாள் கழித்து இன்னொரு ஊர், ஆட்டுப்புழுக்கைக்காக நிலத்துக்காரர் கூலி கொடுத்துக் கிடை அமர்த்துவார். திறந்த வெளியில் இத்தனை தலைமுறையாக எப்படிக் காத்தோம் என்று சொல்கிறேன், பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ராத்திரி ஆடு தனியாகக் கிடக்காது. கீதாரி, அதாவது கிடைக்குத் தலைவர், முறை வைத்து ஆள் போடுவார், ஒருவர் படுத்தால் ஒருவர் முழித்திருப்பார். சுற்றி வலை. குட்டிகள் கொடாப்புக்குள், அதாவது கவிழ்த்துப் போட்ட பெரிய கூடைக்குள். அந்தக் காலத்தில் நரிக்காகச் செய்தது, இன்று நாய்க்கு உதவுகிறது. இரண்டாவது, எங்கள் நாய். கண் திறந்த குட்டியிலேயே ஆட்டுக்கு நடுவில் விட்டு வளர்ப்போம், ஆட்டுச்சூட்டில் படுத்து அது தன்னை அந்தக் கூட்டத்து ஆளாகவே நினைத்துக்கொள்ளும். கஞ்சிதான் ஊற்றுவோம், செத்த ஆட்டுக் கறியை ஒருநாளும் போட மாட்டோம். இதை எங்கள் ஐயா கண்டிப்பாகச் சொல்வார். வேற்று நாய் தூரத்தில் வரும்போதே எழுந்து நிற்கும். பலர் சிப்பிப்பாறை, கோம்பை என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள், நல்ல நாய்கள்தான், ஆனால் அவை வேட்டைக்கு வளர்த்த சாதி, ஆட்டுக்கு நடுவில் வளர்க்காவிட்டால் துரத்துகிற புத்தி வந்துவிடும். எங்களுக்குச் சாதாரண நாட்டு நாய் போதும்.

நிறையப் பேர் இப்போது நாயை ஆட்டுக்காகவே வளர்த்துவிட்டு ராத்திரி அவிழ்த்து விடுகிறார்கள். அது போய் ஊர்க் கூட்டத்தோடு சேர்ந்து அடுத்தவன் பட்டியில் கடித்துவிட்டு விடிந்ததும் வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் காலையில் உங்கள் நாயின் வாயைப் பாருங்கள்.

வேலிக்கிளுவை

கிடைக்காரர் கடைசியில் சொன்னது எங்கள் ஊரில் நடந்தது. கடித்த கூட்டத்தில் மூன்று வீட்டு நாய், கழுத்துப் பட்டையோடு.

வேலி பற்றி என் பங்குக்கு. கிளுவை நல்ல வேலிதான், போத்து (கிளைக்குச்சி) வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும். ஆனால் வருசம் ஆக ஆக அடியில் இலை உதிர்ந்து, தண்டு தடித்து, முழங்கால் உயரத்துக்குக் கீழே சந்து விழுந்துவிடும். மாட்டை அது நிறுத்தும், நாயை நிறுத்தாது. சந்துகளில் புதுப் போத்து சொருகி இலந்தை முள் அடைக்க வேண்டும், இந்த வேலைக்கு முன்பு ஆள் இருந்தார்கள், இப்போது எல்லோரும் பனியன் கம்பெனி பஸ்ஸில் போய்விடுகிறார்கள். 10 ஏக்கரையும் கம்பிவலை போட யாராலும் முடியாது. நான் செய்தது, பகலில் கொறங்காடு, பொழுது விழுந்தால் வீட்டை ஒட்டிய பட்டி. பெரிய ஆடு ஒன்றுக்கு 10 சதுர அடி கணக்கில் இடம், சுற்றிலும் 5 அடி கம்பிவலை. வலையின் அடி ஓரத்தை ஒரு அடி வெளிப்பக்கமாக மடித்துப் படுக்கப் போட்டு மேலே கல் வைத்துவிட்டேன். நாய் வலை ஓரத்தில்தான் பறிக்கும், பறித்தால் காலுக்கடியில் வலை தட்டும், விட்டுவிடும். விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிற கருவி வாங்கிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், சில நாள்தான், அப்புறம் நாய்க்குப் பழகிவிடுகிறது.

பாம்பு மீட்பு தன்னார்வலர்

இராத்திரிக் காவல் என்று பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். காவலுக்குப் போகிறவர் தரையில் பாய் போட்டுப் படுக்கக் கூடாது. கிளுவை வேலியும் கல்லும் எலியும் இருக்கிற இடத்தில் பாம்பு இருக்கும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் வெளியே வரும், படுத்திருப்பவரைக் கடித்தால் பல சமயம் வலியே தெரியாது, வீங்கவும் செய்யாது. விடிகாலையில் வயிற்று வலி, வாந்தி, கண் இமை தானாக மூடுவது என்று ஆரம்பிக்கும், வீட்டில் அஜீரணம் என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். காவலுக்குப் போனவருக்கு இப்படி வந்தால் கடித்த தடம் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கயிற்றுக் கட்டில், ஓரம் செருகிய கொசுவலை, கையில் டார்ச், காலில் செருப்போ பூட்ஸோ. இவ்வளவுதான் தேவை. மானாவாரிக் காட்டில் சுருட்டை விரியன் சின்னதாக மண் நிறத்தில் கிடக்கும், வெறுங்காலில் மிதித்துத்தான் கடி வாங்குகிறார்கள். கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள், கைகாலை அசைக்காமல் வைத்துக்கொண்டு விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருசத்துக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியில் செத்ததாக ஆய்வுக் கணக்கு, பெரும்பாலும் நம்மைப் போலக் கிராமத்து ஆட்கள். அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பது செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978-லிருந்து. பாம்பைக் கண்டால் அடிப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

வாழப்பாடி வாத்தியார்

கிடைக்காரர் நரி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றியது. எங்கள் பக்கம் சில ஊர்களில் காணும் பொங்கலுக்கு வங்கா நரியைப் பிடித்து ஊர்வலம் கொண்டுபோய்த் திரும்ப விடுகிற வழக்கம், நரி முகத்தில் விழித்தால் வருசம் நன்றாக இருக்கும் என்று. வனத்துறை தடை போட்டு அபராதமும் விதித்தது. அதற்கே நரி கிடைக்காத காலம் வந்துவிட்டது. நரி ஒன்றிரண்டு குட்டியைத் தூக்கும், உண்மைதான், ஆனால் எலி, மயில் முட்டை எல்லாம் அதன் தீனி. நரி போன இடத்தை நாய் பிடித்துக்கொண்டது என்பது என் எண்ணம். மயில் பெருகித் தக்காளி நாற்றைக் கொத்துவதற்கும் இதில் பங்கு இருக்கும்.

மூலனூர் மச்சான்

வாத்தியார் ஐயா, மயிலுக்குத் தனி இழை போடுங்கள், எனக்கு அதில் எழுத நிறைய இருக்கிறது. நிலக்கடலை விதைத்தவனைக் கேட்டால் தெரியும்.

கொறங்காட்டுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நான்கு ஆட்டில் ஒன்று நேற்று போய்விட்டது, மூன்று தேறிவிடும் போலிருக்கிறது, மூன்றாவது ஊசி போட்டாயிற்று, டாக்டர் ஐயா சொன்னபடி ஐந்தையும் முடிப்பேன். வீட்டை ஒட்டிப் பட்டி போட கம்பிவலை விலை கேட்டிருக்கிறேன். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு எங்கள் ஊரிலிருந்து பதினைந்து பேர் போகிறோம். மனுவில் நான்கு கோரிக்கை: இழப்பீட்டைத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும், ஓடையில் கோழிக்கழிவு கொட்டுகிறவர்கள் மேல் நடவடிக்கை, ஒன்றியத்துக்கு ஒரு கருத்தடை மையமும் கடித்த நாயை அடைக்கக் காப்பகமும், ஊராட்சியே வீட்டு நாய்க்கு வருசா வருசம் ஊசி போட்டுப் பட்டை கட்டுவது. நேசன், வாசகத்தை நாளை தனிச்செய்தியில் அனுப்புகிறேன், பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன்

நான்காவதில் ஆட்டையும் மாட்டையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா. கடிபட்ட கால்நடைக்கான ஊசி மருந்தகத்தில் எப்போதும் கையிருப்பு இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு வரி. ஐந்து ஊசியில் மூன்றோடு நிற்பதற்கு ஆட்டுக்காரர் மட்டும் காரணம் இல்லை, பல நேரம் மருந்து தீர்ந்துபோயிருக்கும்.

கொறங்காட்டுக்காரன்

சேர்த்துவிட்டேன்.